ஆறன்முளைக் கண்ணாடி: சங்கரன்கோவிலிலிருந்து மலை தாண்டிப் போன கை

கண்ணாடி என்றால் இன்று நமக்குச் சில்லுக் கண்ணாடிதான். பீரோவில் ஒன்று, குளியலறையில் ஒன்று, சட்டைப்பையில் சீப்போடு சேர்ந்து ஒன்று. ஆனால் சில்லில் முகம் பார்க்கும் வழக்கம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மவர்கள் முகம் பார்த்தார்கள். ஆண்டாள் திருப்பாவையில் 'தட்டொளி' என்று ஒரு சொல்லைப் போட்டிருக்கிறாள். மார்கழி தவறாமல் பாடுகிறவர்களில் பலர் அந்தச் சொல்லை நின்று பார்ப்பதில்லை. தட்டுப் போல வார்த்து, ஒளிரும்படி மெருகேற்றிய உலோகம் என்று அதற்குப் பொருள். ஆண்டாள் காலத்தில் கண்ணாடி என்பது கன்னார் பட்டறையில் பிறந்த பொருள்.

அந்தத் தட்டொளி எல்லா இடத்திலும் போய்விட்டது. ஒரே ஓர் ஊரில், கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில குடும்பங்கள் மட்டும் இன்றும் அதைச் செய்து விற்றுப் பிழைக்கின்றன. கேரளத்தில் பத்தனம்திட்டை மாவட்டம், பம்பை ஆற்றங்கரையில் உள்ள ஆறன்முளை. நம்மாழ்வார் பாடிய திருவாறன்விளை அதுதான். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பார்த்தசாரதி பெருமாள் கோவிலும், பாம்பு போல நீண்ட ஓடங்களின் வள்ளங்களியும், வள்ளசத்யை விருந்தும் அந்த ஊரின் பெருமைகள். நான்காவது பெருமை அந்தக் கண்ணாடி.

அந்தக் குடும்பங்களின் கதையை நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அவர்களுடைய முன்னோர் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து போனவர்கள் என்று அவர்களே சொல்கிறார்கள். நான் முப்பது வருடத்துக்கு மேல் ரசாயன ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். என் அப்பா கன்னார் வேலை செய்தவர். குத்துவிளக்கு, கோவில் மணி, உருளி எல்லாம் அவர் கையால் வார்த்ததைப் பார்த்து வளர்ந்தேன். ஆகவே இது எனக்குப் பாதி பாடம், பாதி உறவு.

மலை தாண்டிய எட்டுக் குடும்பங்கள்

ஆறன்முளையில் சொல்லும் கதை இது. கோவில் திருப்பணிக்காகவும், பாத்திரம், விளக்கு, மணி வார்க்கவும் பந்தளத்து ராஜா எட்டுக் கம்மாளக் குடும்பங்களைச் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வரவழைத்தாராம். வீடும் நிலமும் கொடுத்துக் குடியமர்த்தினாராம். வயிறு நிறைந்ததும் வேலையில் சுணக்கம் வந்தது. ராஜாவுக்குக் கோபம் வந்தது. ஊரை விட்டே போகச் சொல்லும் நிலை. அப்போது அந்தக் குடும்பங்களில் இருந்த ஒரு கைம்பெண் ஒரு கலவையைக் கண்டுபிடித்தாள் என்கிறார்கள். கனவில் தெய்வம் கணக்குச் சொன்னது என்பது ஒரு பாடம். பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றிக் கொடுத்து வேலையைத் தொடங்கினார்கள் என்பது இன்னொரு பாடம். அந்தக் கலவையில் பெருமாளுக்கு ஒரு கிரீடம் வார்த்தார்கள். துடைக்கத் துடைக்க அது வெள்ளி போல வெளுத்தது, முகம் தெரிந்தது. ராஜாவின் கோபம் தணிந்தது. அன்று தொடங்கியது கண்ணாடி வேலை.

கதைக்குச் சாசனம் கிடையாது. ஆனால் கதை நடந்திருக்கக்கூடிய நிலவியல் உண்டு. பந்தளம் ராஜகுடும்பம் பாண்டிய வழி வந்தவர்கள் என்பது ஐயப்ப பக்தர்கள் எல்லோரும் அறிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அன்றைக்கு ஒரே நடமாட்டம்தான். செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர், பின்பு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்தது என்பது என் வயதுக்காரர்களுக்குத் தெரியும். மலையைக் குடைந்து கொல்லம் ரயில் வந்தது 1904-ல். அதற்கு முன்னால் நெல்லும் மிளகும் மாடும் ஆரியங்காவு கணவாய் வழியாகத்தான் போய் வந்தன. கோவில் வேலைக்கு நல்ல கை வேண்டும் என்றால் ராஜாக்கள் பாண்டி நாட்டுப் பக்கம் ஆள் அனுப்பியதில் வியப்பில்லை.

கதையில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. தொழில் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகும் ரகசியம் என்று அந்த ஊரில் சொல்வார்கள். அந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தவள் ஒரு பெண் என்றும் அவர்களே சொல்வார்கள். இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை.

அப்பா கெட்டுப்போனது என்று ஒதுக்கிய உலோகம்

செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தால் வெண்கலம். வெள்ளீயம் என்றால் எது என்று இளையவர்களுக்குச் சந்தேகம் வரும். காரீயம் வேறு; அது விஷம். வெள்ளீயம் நம் வீட்டு ஈயச்சொம்பு. அதில் வைத்த ரசத்தின் மணம் நாக்கில் இருக்கிறவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவார்களே, அதுவும் அதுதான்.

சிலை, பொம்மை வார்க்க நூற்றுக்குப் பத்து பங்கு வெள்ளீயம் போதும். மணிக்குக் கூட வேண்டும். நூற்றுக்கு இருபது, இருபத்திரண்டு. அப்பா இந்த நூற்றுக் கணக்கெல்லாம் சொல்ல மாட்டார். "வெள்ளீயம் ஏற ஏற நாதம் ஏறும். அதுக்கு மேல ஏத்துனா மணி கண்ணாடிச் சில்லு மாதிரி விட்டுப் போகும்" என்பார். அளவு தப்பிய வார்ப்பு ஒன்றிரண்டு பட்டறை மூலையில் கிடக்கும். மஞ்சள் போய் வெளுத்திருக்கும். சுத்தியால் தட்டினால் பொடியாகும். மறுபடி மூசையில் போட்டுச் செம்பு சேர்த்து உருக்கிவிடுவார்.

ஆறன்முளைக் கண்ணாடி தொடங்கும் இடம் அதுதான். நாங்கள் கெட்டுப்போனது என்று ஒதுக்கிய அந்த வெளுத்த உலோகத்தை அவர்கள் கெடுதல் என்று நினைக்காமல் தேய்த்துப் பார்த்திருக்கிறார்கள். கிரீடம் வார்க்கப் போய்க் கண்ணாடி வந்தது என்ற கதையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது என்று நான் நம்புவது இதனால்தான். வெண்கலம் வார்க்கிற பட்டறையில் மட்டுமே நடக்கக்கூடிய விபத்து அது.

1990-களில் சாரதா சீனிவாசன், இயன் குளோவர் என்ற ஆய்வாளர்கள் கேரளத்தின் வெண்கல வேலைகளை ஆராய்ந்தார்கள். ஆறன்முளைக் கண்ணாடியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது நூற்றுக்கு 33 அளவுக்கு வெள்ளீயம் இருப்பதைக் காட்டினார்கள். இந்த அளவுக்குப் பின்னால் ஒரு ரசாயனம் உண்டு. நூற்றுக்கு 32.6 என்ற இடத்தில் செம்பும் வெள்ளீயமும் ஒரே சேர்மமாகக் கூடி நிற்கும். உலோகவியலில் அதை டெல்டா நிலை என்பார்கள். அளவு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ உலோகத்துக்குள் இரண்டு வகைத் துகள்கள் கலந்து கிடக்கும். அரிசியையும் உளுந்தையும் ஒன்றாகக் கொட்டிச் சமமாகத் தேய்க்க முடியுமா? ஒன்று முந்தித் தேயும், ஒன்று நிற்கும். மேடும் பள்ளமுமாகப் போனால் முகம் நெளியும். எல்லாம் ஒரே துகளாக இருந்தால்தான் ஒரே சீராகத் தேய்ந்து கண்ணாடியாகும். அந்த இடம் ஊசி முனை அளவு இடம். வெப்பமானி இல்லாத காலத்தில், நிறத்தையும் உடைத்துப் பார்த்த முறிவையும் வைத்தே அந்த இடத்தைப் பிடித்திருக்கிறார்கள்.

எப்படிச் செய்கிறார்கள்

ஓய்வு பெற்ற பிறகு திவ்ய தேச யாத்திரையாக மலையாள நாட்டுப் பக்கம் போனபோது, கோவிலுக்கு அருகில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். சங்கரன்கோவில் என்று சொன்னதும் அங்கிருந்த பெரியவர் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "எங்க பழைய ஊரு, சாரே" என்றார். அவர் அந்த ஊரைப் பார்த்ததே இல்லையாம்.

கலவை செய்யும் அறைக்குள் என்னை விடவில்லை. நானும் கேட்கவில்லை. மற்றதெல்லாம் பார்த்தேன்.

வயல் மண்ணைச் சலித்துப் பக்குவம் செய்து இரண்டு வட்டத் தட்டுகள் செய்கிறார்கள். அவற்றை ஒன்றின் மேல் ஒன்றாக, நடுவில் சிறு இடைவெளி விட்டு வைத்து, ஓரத்தை மண்ணால் மூடுகிறார்கள். அதன் தலையில் ஒரு மண் குடுவை. முன்பே கலந்து வைத்திருக்கும் உலோகத் துண்டுகளை அதற்குள் போட்டு வாயையும் மண்ணால் அடைத்துவிடுகிறார்கள். ஆக, மூசையும் கருவும் ஒரே உடம்பு. எங்கள் அப்பா மூசையைக் குறடால் பிடித்துத் தூக்கி, கருவின் வாயில் ஊற்றுவார். ஊற்றும்போது காற்றுப் பட்டு மேலே ஆடை படியும், குமிழி விழும். மணிக்கு அது பெரிய குற்றமில்லை. கண்ணாடிக்கு ஒரு குமிழி விழுந்தாலும் முகத்தில் அம்மைத் தழும்பு போல நிற்கும். மூடிய குடுவையை உலையில் வைத்துச் சூடாக்கி, உருகியது என்று தெரிந்ததும் அப்படியே தலைகீழாகத் திருப்புகிறார்கள். உலோகம் காற்றைப் பார்க்காமலே இடைவெளிக்குள் இறங்கிவிடுகிறது. மூடிய மண்ணுக்குள் உருகியதா இல்லையா என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தீயோட நெறம் சொல்லும்" என்றார். என் அப்பாவும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பார்.

பிறகு மெதுவாக ஆற வேண்டும். அவசரப்பட்டால் உலோகம் விட்டுப் போகும். மண்ணை உடைத்து எடுத்தால் கிடைப்பது சாம்பல் நிறத்தில் ஒரு தகடு. பார்த்தால் இரண்டு ரூபாய்க்கு வாங்க மாட்டீர்கள். அதை ஒரு மரக்கட்டையின் மேல் அரக்கு போன்ற பசையால் ஒட்டி, தேய்க்கத் தொடங்குகிறார்கள். முதலில் முரட்டுத் துணியும் எண்ணெயும் சுட்ட மண் பொடியும். அப்புறம் நைசான பொடி. கடைசியில் மெல்லிய வெல்வெட் துணி. எண்ணெய் அவர்கள் 'மரோட்டி' என்று சொல்வது. நம் பக்கம் நீரடிமுத்து. நாள் கணக்காகத் தேய்க்க வேண்டும். பாதி வழியில் உள்ளே ஒரு துளை தெரிந்தால் அத்தனை நாள் உழைப்பும் திரும்ப மூசைக்குத்தான். தகடு மெலிசு, கை கொஞ்சம் கூடுதலாக அழுத்தினால் உடையும். நான் பார்த்த பட்டறையில் தேய்த்துக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் பெண்கள். மெருகு முடிந்த தகட்டைப் பித்தளைச் சட்டத்தில் பதித்து, கைப்பிடி வைத்தால் வால்கண்ணாடி.

இந்தக் கண்ணாடியின் விசேஷம் என்ன? உங்கள் வீட்டுக் கண்ணாடியில் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். விரலுக்கும் அதன் பிம்பத்துக்கும் நடுவே ஒரு சந்து தெரியும். அது சில்லின் கனம். சில்லுக்குப் பின்னால் பூசிய பூச்சுதான் முகத்தைக் காட்டுகிறது. சில்லு வெறும் காவல். ஆறன்முளைக் கண்ணாடியில் முகத்தைக் காட்டுவது மேல்தோலே. விரலும் பிம்பமும் நுனியோடு நுனி தொட்டு நிற்கும். விற்கிற இடத்தில் போலியும் வருவதால், வாங்குகிறவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்துவிட்டுப் பணத்தை எடுப்பது நல்லது.

ரகசியம் வெளியே போன கண்ணாடி

குடும்ப ரகசியம் என்பதை வைத்துத் தொழில் நடத்தியவர்கள் ஆறன்முளையார் மட்டும் இல்லை. வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக்காரர்களின் கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம்.

1291-ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை எல்லாம் முரானோ என்ற தீவுக்கு மாற்றியது. தீ விபத்துப் பயம் ஒரு காரணம். ஆட்களையும் வித்தையையும் ஒரே இடத்தில் காவலில் வைப்பதற்கும் அது தோதாகப் போயிற்று. சில்லுக்குப் பின்னால் வெள்ளீயத் தகட்டையும் பாதரசத்தையும் ஒட்டவைத்து முகம் பார்க்கும் கண்ணாடி செய்வதில் அந்தத் தீவுக் குடும்பங்களுக்கு ஈடில்லை. நாம் இன்றும் 'ரசம் போன கண்ணாடி' என்கிறோமே, அந்த ரசம் பாதரசம்தான். அந்தக் குடும்பங்களின் ஆட்கள் ஊரை விட்டுப் போய்த் தொழிலைச் சொல்லிக் கொடுத்தால் கடும் தண்டனை.

பிரான்ஸில் 14-ம் லூயி மன்னரின் மந்திரி கோல்பெர் சும்மா இருக்கவில்லை. வெனிஸுக்குப் போகும் பணத்தைப் பார்த்து மனம் பொறுக்காமல், ஆசை காட்டி முரானோ தொழிலாளர்கள் சிலரைப் பாரிஸுக்கு வரவழைத்தார். 1665-ல் அரசு ஆதரவோடு ஒரு கண்ணாடிக் கம்பெனி தொடங்கியது. 1684-ல் வெர்சேல்ஸ் அரண்மனையில் 357 கண்ணாடிகள் பதித்த மண்டபம் எழும்பியது. வெனிஸின் தனி உரிமை அதோடு சரிந்தது. அந்தக் கம்பெனிதான் இன்றைய செயின்ட் கோபெய்ன். நம் ஸ்ரீபெரும்புதூரில் 2000-ம் ஆண்டு முதல் கண்ணாடி செய்கிறார்களே, அதே பெயர்தான். திருடப்பட்ட குடும்ப ரகசியம் உலகக் கம்பெனியாக வளர்ந்து நம் வாசலுக்கே வந்துவிட்டது.

பாதரசத்துக்கும் வாழ்நாள் முடிந்தது. அதன் ஆவி தொழிலாளர்களின் உயிரைக் குடித்துக்கொண்டிருந்தது. 1835-ல் லீபிக் என்ற ஜெர்மானிய ரசாயன அறிஞர் வெள்ளி உப்புக் கரைசலிலிருந்து வெள்ளியைக் கண்ணாடி மேல் படியவைக்கும் வினையைக் கண்டார். பிளஸ் டூ ஆய்வகத்தில் சோதனைக் குழாயின் உள்பக்கம் பளபளவென்று வெள்ளி படிந்ததைப் பார்த்திருப்பீர்கள்; அதே வினைதான். வருடா வருடம் நூறு பிள்ளைகளுக்கு அதைச் செய்து காட்டியிருக்கிறேன். பாட்டை ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும், பதினாறு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் கண்ணாடி செய்துவிடும். அப்படிப்பட்ட தொழிலில் ரகசியம் நிற்காது.

உலோகக் கண்ணாடிக்கும் மேல்நாட்டில் ஒரு குடும்பக் கதை உண்டு. தொலைநோக்கிகளுக்கு அவர்கள் செம்பு இரண்டு பங்கு, வெள்ளீயம் ஒரு பங்கு என்ற கலவையைத்தான் வார்த்தார்கள். கணக்கைப் பாருங்கள், ஆறன்முளைக் கணக்கேதான். இங்கிலாந்தில் பாத் நகரத்தில் வில்லியம் ஹெர்ஷல், தங்கை கரோலின், தம்பி அலெக்சாண்டர் மூவரும் வீட்டிலேயே கண்ணாடி வார்த்துத் தேய்த்தார்கள். வீட்டில் செய்த அப்படி ஒரு கண்ணாடியை வைத்துத்தான் 1781-ல் யுரேனஸ் கிரகத்தைக் கண்டுபிடித்தார். அதே வருடம் பெரிய கண்ணாடி ஒன்றை வார்க்கும்போது உலோகம் கசிந்து தரைக்கல் வெடித்துச் சிதற, எல்லோரும் வெளியே ஓடியிருக்கிறார்கள். மெருகேற்றும்போது பாதியில் கையை எடுக்கக் கூடாது என்பதால், அண்ணன் பதினாறு மணி நேரம் தேய்த்துக்கொண்டே இருக்க, தங்கை உணவைத் துண்டு துண்டாக வாயில் ஊட்டியதைக் கரோலினே எழுதி வைத்திருக்கிறார். ஊரும் மொழியும் வேறு. உட்கார்ந்த உட்காரல் ஒன்றுதான்.

ஆனால் அங்கே அந்தத் தொழில் நிற்கவில்லை. 1840-களில் அயர்லாந்தில் ராஸ் பிரபு 72 அங்குலக் கண்ணாடி வரைக்கும் வார்த்துப் பார்த்தார். அதற்குப் பிறகு சில ஆண்டுகளிலேயே வெள்ளி பூசிய சில்லுக் கண்ணாடி தொலைநோக்கிகளுக்குள் வந்துவிட்டது. அது லேசு, மங்கினால் மறுபடி பூசிக்கொள்ளலாம். உலோகக் கண்ணாடியை யாரும் தேடவில்லை.

ஆறன்முளையில் ஏன் நின்றது?

நான் யோசித்துப் பார்த்ததில் மூன்று காரணங்கள் தெரிகின்றன.

ஒன்று, சடங்கு. மலையாள நாட்டில் அஷ்டமங்கல்யத் தட்டில் வைக்கும் எட்டு மங்கலப் பொருள்களில் வால்கண்ணாடி உண்டு. விஷுக்கணியில் கண்ணாடி உண்டு. கல்யாணத்திலும் அதற்கு இடம் உண்டு. முகம் பார்ப்பதற்கு என்று மட்டும் இருந்திருந்தால் பத்து ரூபாய்ச் சில்லோடு போட்டி போட்டு என்றைக்கோ தோற்றிருக்கும். மங்கலப் பொருளுக்குச் சில்லு மாற்று ஆகாது. வாங்குகிறவர் ஒருவர் எப்போதும் இருந்தார்.

இரண்டு, ஊர். அந்த மண், அந்தக் கோவில், அங்கு வரும் யாத்திரிகர்கள். புவிசார் குறியீட்டுச் சட்டம் 2003-ல் நடைமுறைக்கு வந்து, பதிவுகள் தொடங்கியபோது டார்ஜிலிங் தேயிலைக்கு அடுத்தபடியாக 2004-05-ல் பதிவானது ஆறன்முளைக் கண்ணாடி. இப்போது வேறு ஊரில் செய்து அந்தப் பெயரில் விற்பது குற்றம்.

மூன்றாவதுதான் முக்கியம். ரகசியம், ரகசியம் என்று அவர்களும் சொல்கிறார்கள், பத்திரிகைகளும் எழுதுகின்றன. ஆனால் கலவைக் கணக்கு அச்சில் வந்தே பல ஆண்டு ஆகிவிட்டது. நானே மேலே எழுதிவிட்டேன். வேண்டுமானால் நீங்கள் நாளைக்கே செம்பும் வெள்ளீயமும் வாங்கி நிறுத்து உருக்கலாம். கண்ணாடி வராது. தீயின் நிறத்தைக் கண்ணால் எடை போடுவதும், திருப்பும் நேரம் இது என்று கை அறிவதும், தேய்க்கும்போது விரல் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதும் எந்த ஏட்டிலும் இல்லை. பத்து வயதில் அப்பனுக்குப் பக்கத்தில் துருத்தி ஊதி, இருபது வயதில் தானே ஒன்றை உடைத்து, முப்பது வயதில் ஒன்றை உடையாமல் எடுத்தால்தான் அது வரும். முரானோவின் வித்தையைச் சில ஆட்களை ஆசை காட்டிக் கூட்டிக்கொண்டு போய்க் கற்றுக்கொள்ள முடிந்தது. லீபிக்கின் வித்தையைப் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்லிவிட முடிந்தது. இதை அப்படி முடியாது. கணக்கு வெளியே போய்விட்டது. கை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அதனால் அந்தத் தொழிலுக்கு ஆபத்து திருடனால் வராது. வேறு பக்கத்திலிருந்து வரும்.

2018 ஆகஸ்டு வெள்ளத்தில் பம்பை கரை புரண்டு ஆறன்முளைக்குள் ஏறியது. பட்டறைகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மண் கருக்கள் மண்ணோடு கரைந்தன. மெருகுக்குக் காத்திருந்த தகடுகளும் செய்து முடித்த கண்ணாடிகளும் சேற்றில் போயின. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, அந்தப் பெரியவரின் உலை இருந்த மூலைதான் என் கண்ணில் நின்றது. அவர்கள் எழுந்துவிட்டார்கள். கரு போனால் மறுபடி மண் பிசையலாம். உலை இடிந்தால் கட்டலாம். கை இருந்தது.

கையும் போனால் என்ன ஆகும் என்பதற்கு நான் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் தெருவிலேயே பார்த்தேன். எவர்சில்வர் வந்த பிறகு வீட்டுக்கு வீடு வெண்கலப் பானையையும் உருளியையும் எடைக்குப் போட்டு மாற்றினார்கள். செய்த கையாலேயே உடைத்து உருக்கும் வேலைதான் அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில் அதிகம் வந்தது. என்னைப் படிக்க அனுப்பியது அவர்தான். "இந்தப் புகை என்னோட போகட்டும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் புகையில் நாற்பது வருடம் நின்றவருக்கு அதைச் சொல்ல உரிமை உண்டு. அவர் சம்பாதித்துப் படிக்க வைத்தார், நான் சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். குடும்பம் மேலே வந்தது. பட்டறை நின்றது. இரண்டும் ஒரே நாளில் எடுத்த முடிவு.

ஆறன்முளைக் குடும்பங்களின் முன்னாலும் அதே முடிவு காத்திருக்கிறது. அங்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள். வளைகுடா நாடும் பெங்களூரும் கூப்பிடுகின்றன. பெரியவரிடம் கேட்டேன். மூத்தவன் வெளிநாட்டில் என்றார். இளையவன் டிப்ளமா முடித்துவிட்டுப் பட்டறையில் இருக்கிறான் என்றார். தேய்த்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தியைக் காட்டி, "இவளுக்கும் இப்ப வார்ப்பு தெரியும்" என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். அப்பனிடமிருந்து மகனுக்கு என்ற கட்டு அங்கே தளர்ந்திருக்கிறது. கதைப்படி பார்த்தால் அது தொடங்கிய இடத்துக்குத்தான் திரும்பிப் போகிறது. தொழில் நிற்க வேண்டும் என்றால் அதுவே வழி என்று எனக்குத் தோன்றுகிறது. ஆண்பிள்ளை ஒருவனை மட்டும் நம்பி எந்தக் குடும்பத் தொழிலும் இனி நூறு வருடம் ஓடாது.

சபரிமலைக்கு இந்த வருடம் செங்கன்னூர் வழியாகப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மண்டல பூஜைக்கு ஐயப்பனுக்குச் சாத்தும் தங்க அங்கி ஆறன்முளைப் பார்த்தசாரதி கோவிலிலிருந்துதான் ஊர்வலமாகப் புறப்படுகிறது. கோவிலுக்குப் போங்கள், அப்படியே ஒரு பட்டறையிலும் எட்டிப் பாருங்கள். கண்ணாடி விலை அதிகம்தான். வாங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தேய்க்கிறவர் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். திருநெல்வேலிப் பக்கம் என்று சொன்னால் நாற்காலி போடுவார்கள்.

வாங்கினால், கையால் முகப்பைத் தொடாதீர்கள். விரல் எண்ணெய் பட்டால் மங்கும். மெல்லிய துணியால் ஒரே பக்கமாகத் துடைத்து, பட்டுத் துணியில் சுற்றி வையுங்கள். அதற்கு ரசம் போகும் என்ற பயம் இல்லை. போவதற்கு அதில் ரசமே கிடையாது.